தூந்திரத்தின் வெண்மலர்

வட துருவத்தைச் சூழ்ந்து, அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதும், மரம் என்று ஒன்று நிமிர்ந்து நிற்க இயலாதபடி குளிரும் காற்றும் ஆட்சி புரிவதுமான தூந்திரப் பிரதேசத்தில், பனியையும் காற்று வாரிக்கொண்டு போய்விட்ட வெறுஞ் சரளை மேடுகளையே தனக்கு இடமாகக் கொண்டு, தரையோடு தரையாகப் படர்ந்து வெண்மலர் பூக்கும் சிறு செடி ஒன்று உண்டு. ரோஜாவின் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடிக்கு 1753-ஆம் ஆண்டில் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட பெயர் டிரையாஸ் ஆக்டோபெடலா. எட்டு இதழ்கள் கொண்ட அதன் பூவை ஐஸ்லாந்து மக்கள் 2004-இல் தங்கள் தேசிய மலராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதன் இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாலே இச்செடியின் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடும். பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு மேற்படாத அவ்விலையின் மேற்பரப்பு கரும்பச்சையாய், தடித்து, சுருக்கம் விழுந்திருக்கும். விளிம்புகள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். திருப்பினால் அடிப்பக்கம் முழுவதும் வெண்ணிற ரோமம் அடர்ந்திருக்கும். உறைந்த மண்ணிலிருந்து வேர் ஒரு சொட்டு நீரும் உறிஞ்ச முடியாத காலத்தில், ஓயாது வீசும் வறண்ட காற்று இலையிலுள்ள ஈரத்தைக் கவர்ந்து போகாமல் காப்பதற்கே இத்தனை ஏற்பாடும். காய்ந்த இலைகளும் உடனே உதிர்ந்து போவதில்லை. பல ஆண்டுகள் தண்டிலேயே ஒட்டிக் கிடந்து அதற்குப் போர்வையாகின்றன. இவ்வாறு நிதானமாக வளரும் செடி ஏறத்தாழ நூறாண்டு வாழ்வதும் உண்டு.

இலையிலும் விசேஷமானது பூ. ஆழமில்லாத கிண்ண வடிவில் விரியும் அதன் இதழ்கள், தம்மேல் விழும் சூரிய கிரணங்களை நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தக் கேசரங்களின் மேல் திருப்பி விடுகின்றன. சூரியன் நகர நகரப் பூவும் உடன் திரும்புகிறது. இதனால் பூவின் நடுப்பகுதி சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி அதிக வெப்பம் பெறுகிறது. குளிரில் விறைத்த ஈக்களும் கொசுக்களும் வெயில் காய இங்கே வந்தமர்ந்து, போகும்போது மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. இதே குலத்தைச் சேர்ந்த மற்றோர் இனத்தையும் துருவக் கசகசாப் பூவையும் கனடாவின் வடகோடியில் ஆராய்ந்த பீட்டர் கெவன், 1975-இல் இவ்வுண்மையை விளக்கி எழுதினார். கோடை மிகக் குறுகிய அந்நாட்டில், விதை விரைந்து முதிர்வதற்கும் இவ்வெப்பம் பெருந்துணை. முதிர்ந்தபின், முறுக்கிய நூல்போல் சேர்ந்திருந்த சூல்தண்டுகள் வறண்ட நாளில் இறகுகளாக விரிய, எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதுபோல் விதைகள் காற்றில் ஏறிப் போகின்றன.

பூமியின் சரித்திரத்திலும் இச்செடிக்கு இடமுண்டு. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் நீங்கி வெப்பம் ஏறிவந்த வேளையில், திடீரெனக் குளிர் மீண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளின் பழைய ஏரிக் களிமண் அடுக்குகளில் இதன் இலைகள் மிகுதியாகக் கிடைத்தமையால், அக்குளிர்க் காலத்துக்கு ‘இளைய டிரையாஸ்’ என்றே விஞ்ஞானிகள் பெயரிட்டனர்.

இத்தகைய செடி வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றதா? எந்த இடத்திலும் வளரும் செடி என்று இதைப் பொதுவாகப் புகழ்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கடுங்குளிரை அனாயாசமாகத் தாங்கும் இது, புழுக்கமான கோடை இரவுகளையும் வேரில் தேங்கும் நீரையும் தாங்காது. நம் சமவெளிகளில் இதை வளர்க்க முயல்வது வீண் சிரமம். ஸ்காட்லாந்து, நார்வே போன்ற குளிர்ந்த நாடுகளில், கல்லடுக்கித் தோட்டம் அமைப்போருக்கோ இதைவிடச் சிறந்த படர்செடி அரிது. சுண்ணாம்புப் பாறைகளில் இயல்பாகவே வளர்வதால் சுண்ணாம்பு கலந்த மண்ணும் இதற்கு உகந்ததே. நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில், சரளையும் பருமணலும் தாராளமாகக் கலந்து, நீர் உடனே வடிந்து போகும்படி மண்ணைப் பண்படுத்த வேண்டும். உரம் வேண்டாம், கொழுத்த மண்ணில் இலை மலிந்து பூ குறையும். விதையைப் பறித்த சூட்டிலேயே விதைத்து, குளிர்காலம் முழுவதும் வெளியில் விட்டுவிட்டால் வசந்தத்தில் முளைக்கும். ஆயினும் பூப்பதற்குச் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். வேரைக் கலைப்பதை இது சகிக்காதாகையால், ஒருமுறை நட்டபின் இடம் மாற்றலாகாது.

வட நார்வேயின் மீன்பிடி ஊர்களில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் இதை வாசலிலேயே வளர்க்கலாம். டிரொம்சோ நகரில் 1994-இல் திறக்கப்பட்ட துருவத் தாவரத் தோட்டத்துக்குப் போனால், இத்தகைய செடிகள் வளரும் முறையை நேரிலேயே கண்டறியலாம். ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: மலைச்சரிவில் பூத்திருப்பதைக் கண்டு ஆசைப்பட்டு வேரோடு பிடுங்கி வராதீர்கள், அது உங்கள் தோட்டத்தில் பிழைப்பது அரிது. நாற்றுப் பண்ணையில் தொட்டியிலேயே வளர்ந்த இளஞ்செடியை வாங்கி நடுங்கள்.