வந்தவர் எத்தனை பேர்? வாங்காமல் போனவர் ஏன் போனார்?



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் வெப்சைட் செலவு பற்றிப் பேச்சு வந்தது. "வருஷா வருஷம் பணம் கட்டுறோம், அதுல என்னதான் நடக்குது?" என்று ஒரு குழுத் தலைவி கேட்டார். நியாயமான கேள்வி. அது நம் எல்லோருடைய சந்தாப் பணம். வெப்சைட் செய்து கொடுத்தவர் மாதாமாதம் "ஆயிரக்கணக்கில் ஹிட் வந்திருக்கு மேடம்" என்பார். நாமும் கேட்டு சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்தோம். ஆர்டர் மட்டும் வரவில்லை.

விசாரித்தபோதுதான் புரிந்தது, ஹிட் என்பது ஆள் கணக்கு இல்லை. ஒரு பக்கத்தில் பத்துப் படம் இருந்தால், ஒருவர் ஒரு தடவை திறந்தாலே பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்குப் பத்து என்று பதினொரு ஹிட் விழுந்துவிடும். கூகுள் போன்ற தேடும் கம்பெனிகளின் தானியங்கி புரோகிராம்கள் வந்து பக்கத்தைப் படித்துவிட்டுப் போவதும் அதில் சேரும். அவை நம்மிடம் கம்பு லட்டு வாங்கப் போவதில்லை!

கண்காட்சியில் ஸ்டால் போட்ட சகோதரிகளுக்கு இது சொல்லாமலே தெரியும். யார் வருகிறார், எதைக் கையில் எடுக்கிறார், விலையைக் கேட்டதும் வைத்துவிட்டு நகர்கிறாரா என்று கண்ணால் பார்க்கிறோம். அடுத்த நாள் காலையில் பொருளை மாற்றி அடுக்குகிறோம். வெப்சைட்டில் வருபவர் முகம் தெரியாது. அந்தக் குறைக்குத்தான் அனலிடிக்ஸ். வெப்சைட்டின் வருகைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கம்பெனி 2005-ல் இதை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. பழைய வகை 2023 ஜூலை 1 முதல் புதிய கணக்கு எடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது ஜிஏ4. உங்கள் வெப்சைட்டில் எது இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "வர்றவங்க பேரு, போன் நம்பர் தெரியுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். தெரியாது, தெரியவும் கூடாது.

பதிவேட்டில் முதலில் பார்க்க வேண்டியது, வந்தவர் எந்த வழியாக வந்தார் என்பது. கூகுளில் தேடி வந்தாரா, பேஸ்புக்கில் பார்த்து வந்தாரா என்று தனித்தனியாகக் காட்டும். 'டைரக்ட்' என்று ஒரு கணக்கு பெரிதாக நிற்கும். அத்தனை பேரும் நம் முகவரியை மனப்பாடம் பண்ணி வந்தவர்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் லிங்க்கைத் தொட்டு வருபவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள். இதற்கு ஒரு வழி உண்டு. லிங்க்கின் கடைசியில் ஒரு அடையாளம் சேர்க்கலாம், யுடிஎம் என்று பெயர். வாட்ஸ்அப் லிங்க்குக்கு ஒரு அடையாளம், கண்காட்சி நோட்டீசில் அடிக்கும் கியூஆர் கோடுக்கு இன்னொன்று. எது ஆளைக் கொண்டுவந்தது என்று அப்போது தெரிந்துவிடும்.

அடுத்து, எந்த இடத்தில் திரும்பிப் போகிறார்கள் என்பது. எங்கள் அனுபவத்தில் இதுதான் முக்கியம். ஒரு பேச்சுக்கு, கம்பு லட்டு பக்கத்தை 200 பேர் பார்த்து, 5 பேர்தான் ஆர்டர் பட்டனைத் தொட்டார்கள் என்று வைப்போம். மற்றவர்கள் ஏன் போனார்கள்? அதைப் பதிவேடு சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும். விலை போட்டிருக்கிறதா? அரைக் கிலோவா, கால் கிலோவா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? கூரியர் செலவைக் கடைசியில் சொல்லி பயமுறுத்துகிறோமா? படம் பெரிதாக இருந்து சாதாரண செல்போனில் திறக்கவே நேரமாகிறதா? பழைய வாடிக்கையாளர் நாலு பேரிடம் போனில் கேட்டாலே பாதி விளங்கிவிடும். எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஒரு மாதம் பொறுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று யாருக்கும் தெரியாது. 5 ஆர்டர் 8 ஆனதும் "60 சதவீதம் வளர்ச்சி" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் வேண்டாம். மூன்று பேர் கூட வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணக்கு ஏமாற்றும் இடங்களும் உண்டு. 10 விநாடி கூட நிற்காமல் ஒரே பக்கத்தோடு போனவரை ஜிஏ4 அக்கறை இல்லாதவர் என்று எண்ணும். ஆனால் அவர் நம் போன் நம்பரைப் பார்த்த உடனே தொட்டுப் பேசி, பத்து டப்பா ஆர்டர் கொடுத்தவராகவும் இருக்கலாம். வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டது தானாகப் பதிவாகும். போன் நம்பரைத் தொட்டது பதிவாகாது, அதைத் தனியாக அமைக்கச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். நம் பக்கத்து கிராமத்தில் இருந்து பார்த்தவரைக் கூட சென்னை என்று காட்டும். இன்னொன்று, நாமே தினம் நாலு தடவை திறந்து பார்க்கிறோமே, அதுவும் வருகையில்தான் சேருகிறது.

இனி நாங்கள் பட்ட பாடு. "பதிவேட்டை நாங்களே பார்க்கணும்" என்று கேட்டபோதுதான், கணக்கு முழுவதும் வெப்சைட் செய்தவரின் சொந்த ஈமெயிலில் இருப்பது தெரிந்தது. வங்கிப் பாஸ்புக்கை யாரும் அடுத்தவர் பெயரில் வைப்போமா? அதைக் கூட்டமைப்பின் பெயருக்கு மாற்ற மூன்று மாதம் அலைந்தோம். நீங்கள் புதிதாக வெப்சைட் செய்வதாக இருந்தால், கூட்டமைப்பின் ஈமெயிலில் கணக்கைத் தொடங்கி, அட்மின் உரிமையை இரண்டு நிர்வாகிகளிடம் வையுங்கள். செய்து கொடுப்பவருக்குப் பார்க்கவும் திருத்தவும் அனுமதி கொடுத்தால் போதும்.

கணக்கு கைக்கு வந்ததும் ஒரு அமைப்பை உடனே பாருங்கள். விரிவான விவரங்களை 2 மாதம் மட்டும் வைத்திருக்கும்படிதான் ஆரம்பத்தில் இருக்கும். அதை 14 மாதமாக மாற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் இந்தத் தீபாவளி அதிரச விற்பனையைப் போன தீபாவளியோடு விரிவாக வைத்துப் பார்க்க முடியும். நாங்கள் மாற்றியபோது போன தீபாவளியின் விரிவான கணக்கு அழிந்திருந்தது.