காற்றில்லாமல் உருண்ட தூரம்

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டுவது போதுமா, டயரையே மாற்ற வேண்டுமா என்று பைக் வைத்திருப்பவர்கள் கேட்கும்போது, ஓட்டையின் அளவையும் அது விழுந்த இடத்தையும் வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லப்படுகிறது. தரையில் பதியும் பகுதியில் 6 மில்லிமீட்டருக்கு மிகாத ஓட்டையைச் சரிசெய்யலாம் என்பதும், பக்கச் சுவரில் விழுந்தது எவ்வளவு சிறியதானாலும் ஒட்டக் கூடாது என்பதும் டயர்த் தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்புகள். அவை சரியானவையே, எனினும், காற்று இறங்கிய பின் அந்தச் சக்கரம் எவ்வளவு தூரம் உருண்டது என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. பல டயர்களின் கதையை முடிப்பது ஆணியல்ல, அந்தத் தூரம்தான்.

வண்டியின் எடையை டயரின் ரப்பர் தாங்குவதில்லை. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தமே தாங்குகிறது. காற்று போதிய அளவு இருக்கும்போது, தரையைத் தொடும் கணத்தில் பக்கச் சுவர் சற்றே பிதுங்கி மீள்கிறது. காற்று இறங்கிவிட்டால் அதே சுவர் மடிந்து நசுங்கி, அடுத்த கணம் நிமிர்கிறது. ரப்பரை வளைக்கச் செலவிட்ட ஆற்றல் அது நிமிரும்போது முழுவதுமாகத் திரும்பி வருவதில்லை. நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று உரசுவதில் ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. இயற்பியல் நூல்கள் தயக்கம் எனக் குறிக்கும் இந்த இழப்பு ஒரு மடிப்பில் மிகச் சிறியது. ஆனால் 17 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 500 முறை சுழல்வதால், மூன்று கிலோமீட்டர் உருட்டினால் சுவரின் ஒவ்வொரு புள்ளியும் 1,500 முறை மடிந்து நிமிர்ந்திருக்கும். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் சூடு உள்ளேயே தேங்கி, டயருக்கு வலுவூட்டும் நைலான் நூல்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள ரப்பருக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது.

கையில் கட்டிங் பிளேயர் இல்லாத கொத்தனார் கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதை இதனோடு ஒப்பிடலாம். வளைந்த இடத்தைத் தொட்டால் சுடும். ஒடியும் வரை வெளிப்பார்வைக்குக் கம்பி முழுதாகவே இருக்கும். ஒடிவதற்கு இரண்டு வளைவுகள் முன்பாக நிறுத்தி, கம்பியை நேராக்கி, துடைத்துப் பழைய கட்டோடு வைத்துவிட்டால், எது அந்தக் கம்பி என்று அவராலேயே பிரித்தெடுக்க முடியாது. ஆனால் அடுத்த முறை அதை முறுக்கும்போது அது சரியாக அந்த இடத்தில் விட்டுப்போகும். இரும்பு களைப்படையும் விதமும் ரப்பர் களைப்படையும் விதமும் வேறானவை என்றாலும், தட்டையாக ஓடிய டயருக்கு மறுபடி காற்றடிப்பது, நேராக்கிய கம்பியைக் கட்டோடு வைப்பதற்குச் சமம்.

வரலாற்றில் இங்கே வேண்டியது கொஞ்சமே. காற்றடைத்த சக்கரத்துக்கு இராபர்ட் தாம்சன் 1840களிலேயே காப்புரிமை பெற்றிருக்க, பெயர் கிடைத்தது 1888இல் பெல்ஃபாஸ்டில் அதை மறுபடி உருவாக்கிய ஜான் பாய்ட் டன்லப்புக்கு. சார்லஸ் குட்இயர் 1839இல் கண்ட, ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இழைகளைப் பிணைக்கும் முறையே இக்கேள்விக்கு நெருக்கமானது. அப்படிப் பிணைந்த ரப்பரை மெழுகுபோல உருக்கி மீண்டும் வார்க்க முடியாது என்பதால்தான், கெட்டுப்போன பக்கச் சுவருக்கு வைத்தியம் இல்லை.

எனவே டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கத்தைப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. பக்கச் சுவரின் உட்புறத்தில் வட்டமாகச் சுருக்கக் கோடு ஓடினாலோ, உள்ளே விரலால் தடவும்போது காப்பித்தூள் பதத்தில் கறுப்பு ரப்பர்த் துகள் ஒட்டினாலோ, ஓட்டை எவ்வளவு சிறியதானாலும் அந்த டயரை மாற்றிவிட வேண்டும். சாலையோரத்தில் வெளியிலிருந்தே பிசின் தோய்த்த கயிற்றைச் செருகி அடைக்கும் முறையில் இந்தச் சோதனைக்கே வழியில்லை. அதோடு, காற்றைக் கசியவிடாமல் காக்கும் பியூட்டைல் வகை ரப்பராலான உள் படலத்தில் விழுந்த கிழிசலை அந்தக் கயிறு மூடுவதில்லை. அழுத்தத்திலுள்ள காற்று அதன் விளிம்பு வழியே நூல் அடுக்குகளுக்குள் ஊர இடம் இருக்கிறது. வீடு சேர உதவும் அந்தக் கயிற்றைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் துளையை நிரப்பும் தண்டும் உள் படலத்தை மூடும் தலையும் கொண்ட காளான் வடிவ ஒட்டை உள்ளிருந்து போடுவதே முறையான பழுதுபார்ப்பு.

பஞ்சரே ஆகாது என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் சீலன்ட் திரவங்களையும் இந்த இடத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும். திரவத்தில் மிதக்கும் நார்களும் துகள்களும் வெளியேறும் காற்றோடு போய்ச் சிறு துளையை அடைப்பது உண்மை. அது நல்ல வேதியியலும்கூட. எனினும், அடைபட்ட துளை மெல்லக் கசியும்போது ஓட்டுபவருக்கு ஆணி இருப்பதே தெரியாமல், குறைந்த காற்றிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் வாய்ப்பை அது உண்டாக்குகிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. சீலன்ட் ஊற்றியவர்களே மற்றவர்களைவிட அடிக்கடி காற்றழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டியவர்கள். அதுவும் வண்டி ஓடிச் சூடேறும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும், ஏனெனில் சூட்டில் விரிந்த காற்று குறையை மறைத்துக் காட்டும்.