உமரி இலைக்குள் எட்டிப் பார்த்தால்...

வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெள்ளைக் குவியலைத்தான் படமெடுப்பார்கள். கொஞ்சம் குனிந்து வரப்போரம் பாருங்கள், உமரிச் செடி! பாத்தியில் விளைகிற அதே உப்பை மண்ணிலிருந்து உறிஞ்சி இலைக்குள் பதுக்கி வைத்திருக்கும் கில்லாடி. கிள்ளி நசுக்கினால் விரலெல்லாம் நீர்; நாக்கில் வைத்தால் கரிக்கும். அத்தனை உப்பும் ஒவ்வொரு செல்லின் நடுவிலும் ஒரு பெரிய பைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பையின் சுவர்? இரண்டே மூலக்கூறு கனத்தில் ஒரு கொழுப்புப் படலம்!

அந்தக் கொழுப்பு கிளம்புகிற இடம் பசுங்கணிகம். ஆமாம், வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்யும் அதே பச்சை மணி. உமரிக்குச் சொந்தக்காரி பாலக் கீரை. அதன் இலையைப் பிரித்துப் பார்த்துத்தான், கொழுப்பு அமிலத்தைச் சுமக்கும் புரதம் பசுங்கணிகத்தில் இருக்கிறது என்று 1979-இல் ஓல்ரோக், கூன், ஸ்டம்ப் மூவரும் காட்டினார்கள். கொழுப்பு அமிலச் சங்கிலி தொடங்குவது இரண்டு கார்பனில். சுற்றுக்கு இரண்டு சேர்த்து ஏழு சுற்றில் 16, எட்டில் 18. இதில் ஒரு கூத்து: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கார்பன் டை ஆக்சைடை மெனக்கெட்டு ஒட்டுகிறது செல், சுற்று முடிவதற்குள் அது கழன்று ஓடிவிடுகிறது! வீண் செலவில்லை. அது கழலும் வேகத்தில்தான் சங்கிலி நீள்கிறது.

இப்படி உருவான கொழுப்பு அமிலத்தில் ஒரு பங்கு பசுங்கணிகத்திலேயே தங்கும். மீதி வெளியே, எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலுக்கு. அங்கே பாஸ்பேட் தலை பொருத்தி, உப்புப் பையின் சுவருக்கும் தன் வெளிச்சவ்வுக்கும் அனுப்புகிறது செல். கதை முடிந்தது என்று நினைத்தால், கட்டிக்கொடுத்த பெண் மறுவீடு வருவதுபோல அதில் ஒரு பங்கு பசுங்கணிகத்துக்கே திரும்புகிறது! வாசலில் இருந்து உள்ளே இழுத்துவிடத் தனிப் புரதப் பாலமே உண்டு. அதன் முதல் துண்டை 2003-இல் கிறிஸ்டோஃப் பென்னிங் குழு அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் பிடித்தது. உள்ளே வந்ததும் பாஸ்பேட்டுக்கு வேலையில்லை, காலக்டோஸ் சர்க்கரை ஏறுகிறது.

ஒளியைப் பிடிக்கும் தைலகாய்டு அடுக்குகளில் முக்கால்வாசிக் கொழுப்பு இப்படிச் சர்க்கரைத் தலையோடு இருப்பதுதான். எனக்கு இந்தச் சிக்கனம் ரொம்பப் பிடிக்கும்: மண்ணில் அரிதாகக் கிடைக்கும் பாஸ்பரஸை மிச்சம் பிடித்து, வெயிலில் சும்மா கிடைக்கும் சர்க்கரையை வைத்து அவ்வளவு பரப்பையும் கட்டிவிடுகிறது செடி. எதிரே மன்னார் வளைகுடாவில் ஆவுளியா என்ற கடற்பசு வாய் நிறைய மெல்லும் கடற்புல்லிலும் இதே சர்க்கரைத் தலைக் கொழுப்புதான்!