கத்திக்கு முன் கயிறு

பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. அன்றிலிருந்து சில்லு தயாரிக்கும் ஆலைகளும் மருத்துவக் கருவி ஆலைகளும் விமான நிலையத்தைச் சுற்றிப் பெருகிவிட்டன. அதே விமான நிலையத்தில் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்திறங்குபவர்களில் ஒரு பகுதியினர் கையில் எக்ஸ்ரே உறையோடு பினாங்கு மருத்துவமனைகளை நாடி வருகிறார்கள். கருவிகளும் நோயாளிகளும் சந்திக்கும் இந்த ஊரிலிருந்து, சில்லோ மோட்டாரோ இல்லாத ஒரு மருத்துவ ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வளையம், சில திருகூசிகள், ஒரு கயிறு, ஒரு கப்பி, சில எடைக்கட்டிகள். இவ்வளவுதான் அது. முதுகெலும்பு மிக மோசமாக வளைந்துபோன பிள்ளைகளுக்கு, பெரிய அறுவைக்கு முந்தைய வாரங்களில் உலகின் தேர்ந்த மருத்துவர்கள் நம்பும் கருவி இதுதான். ஹேலோ இழுவை என்று பெயர்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். பக்கவாட்டு வளைவு மட்டுமாக அது நிற்பதில்லை. முள்ளெலும்புகள் தம் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும். அவற்றோடு பிணைந்த விலா எலும்புகளும் திரும்பி, முதுகின் ஒரு பக்கம் மேடாகப் புடைக்கும், மறுபக்கம் குழியும். வளைவை அளக்க, அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் விளக்கிய முறையே இன்றும் வழக்கில் இருக்கிறது. வளைவின் மேல்முனையில் அதிகம் சாய்ந்த எலும்பின் மேல்விளிம்பையொட்டி ஒரு கோடு, கீழ்முனையில் அதிகம் சாய்ந்த எலும்பின் கீழ்விளிம்பையொட்டி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ளதுதான் காப் கோணம். 10 பாகையைத் தொட்டால் ஸ்கோலியோசிஸ். 25 பாகையைத் தாண்டினால், வளரும் பிள்ளைக்கு இடுப்புக் கச்சை போன்ற பிரேஸ். 45, 50 பாகையைக் கடந்தால் அறுவை பற்றிய பேச்சு எழும். இந்தக் கட்டுரை பேசுவது 100 பாகையைத் தாண்டியவர்களைப் பற்றி.

அந்த நிலையில் முதலில் அடி வாங்குவது நுரையீரல். மார்புக்கூடு சுருங்கி முறுக்கிக்கொள்வதால் மூச்சை இழுத்து நிரப்ப இடமில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் உடல் அதிகம் உழைக்க வேண்டியிருப்பதால், சாப்பிட்ட சத்தில் பெரும்பங்கு மூச்சு விடுவதற்கே செலவாகிவிடுகிறது. வயிறும் நசுங்கியிருப்பதால் நாலு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துவிடும். எனவே இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் எலும்பும் தோலுமாக இருப்பார்கள். பத்து மணி நேரம்கூட நீளக்கூடிய அறுவைக்கு அத்தகைய உடலைக் கிடத்துவதே ஆபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து தண்டுவடத்துக்கு. வளைந்த எலும்புக் கூட்டுக்குள் தண்டுவடமும், அதற்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் பல ஆண்டுகளாக அந்த வளைவுக்கே பழகிக்கிடக்கின்றன. மேசையில் கிடத்தி, தண்டுகளும் திருகுகளும் போட்டு, சில மணி நேரத்தில் நிமிர்த்தினால் தண்டுவடம் திடீரென்று இழுபடும். இரத்த ஓட்டம் குறையும். நடந்து வந்தவர் சக்கர நாற்காலியில் திரும்ப நேரலாம். அதனால்தான் நிமிர்த்தும் வேலையில் ஒரு பங்கை அறுவைக்கு முன்பே, நாளுக்குக் கொஞ்சமாக, கயிற்றையும் எடையையும் கொண்டு செய்கிறார்கள்.

இழுத்து நிமிர்த்தலாம் என்ற எண்ணம் பழையது. ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கிரேக்கத்தில் கூன் விழுந்தவரை ஏணியில் கட்டி, ஏணியோடு தூக்கிக் கீழே போடும் வழக்கம் இருந்தது. கூட்டத்தை வாய்பிளக்க வைப்பதற்காகவே பலர் அதைச் செய்தார்கள் என்று அக்காலத்து மருத்துவ நூல்களே கண்டித்திருக்கின்றன. அந்தக் கண்டனம் இன்றைக்கும் பொருந்தும். ஒரே வீச்சில் நிமிர்த்துவது பார்ப்பவர் கண்ணுக்குத்தான் விருந்து, தண்டுவடத்துக்கு அல்ல.

இன்றைய வளையம் போலியோவின் கொடை. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகிலுள்ள ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில், போலியோவால் கழுத்துத் தசைகள் செயலிழந்து தலையை நிமிர்த்திப் பிடிக்க முடியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய கழுத்தெலும்புகளை இணைத்த பிறகு தலையை அசையாமல் தாங்க, ஜாக்லின் பெர்ரியும் வெர்னன் நிக்கலும் மண்டையோட்டில் பதியும் உலோக வளையம் ஒன்றை அமைத்து 1959இல் வெளியிட்டார்கள். பெர்ரி முதலில் அமெரிக்க இராணுவத்தில் பிசியோதெரபி பார்த்தவர். அதன்பின் மருத்துவம் படித்து எலும்பு அறுவை நிபுணரானார். நோயாளியோடு நாள்முழுதும் இருந்து பழகிய ஒருவரின் கைவண்ணம் அந்த வளையத்தில் தெரிவதாகவே எனக்குப் படுகிறது.

வளையம் கைக்கு வந்ததும் அதை எதோடு சேர்த்து இழுப்பது என்பதில் மருத்துவர்கள் பிரிந்தார்கள். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹாட்ஜ்சனின் குழுவினர் இடுப்பெலும்பிலும் ஒரு வளையம் பொருத்தி, இரண்டையும் நான்கு தண்டுகளால் இணைத்து, திருகைச் சிறிது சிறிதாகச் சுற்றி நீட்டினார்கள். 1971இல் வெளிவந்த இந்த முறை வலுவானது. அதற்கேற்ற சிக்கல்களும் அதில் இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சின் லியோன் நகரில் பியர் ஸ்டாக்னாரா வேறு வழியில் போனார். கீழே எதையும் பூட்டவில்லை. தலையை மேலே இழுத்தால், நோயாளியின் உடல் எடையே கீழ்நோக்கி இழுக்கட்டும் என்று விட்டுவிட்டார். உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். இன்று பெரும்பாலான இடங்களில் நிலைத்திருப்பது ஸ்டாக்னாராவின் வழிதான்.

வளையத்தை எப்படிப் பொருத்துகிறார்கள்? பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான். புருவத்துக்கும் காது நுனிக்கும் சுமார் 1 செ.மீ. மேலே, தலையின் மிகப் பெரிய சுற்றளவுக்குச் சற்றுக் கீழே வளையம் அமரும். அப்போதுதான் இழுக்கும்போது நழுவாது. முன்பக்கத்து ஊசிகள் புருவத்தின் வெளிப்புற மூன்றிலொரு பங்குக்கு மேலே இறங்கும். உள்ளே தள்ளிப் போட்டால் நெற்றி நரம்பில் படும், வெளியே தள்ளினால் மெல்லும் தசையில் குத்தும். பெரியவர்களுக்கு நான்கு ஊசிகள் போதும். பிள்ளைகளின் மண்டையோடு மெல்லியது என்பதால் ஆறு முதல் பத்து வரை போட்டு, ஒவ்வொன்றையும் குறைந்த விசையில் இறுக்குவார்கள். ஊசி மண்டையோட்டின் வெளித்தகட்டில் பற்றி நிற்கும், மூளையைத் தொடாது. பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பிறகு எடை கட்டுகிறார்கள். முதல் நாள் 2 கிலோ அளவில் தொடங்கி, நாளுக்கு அரை கிலோ, ஒரு கிலோ என்று ஏற்றி, கடைசியில் உடல் எடையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை போவார்கள். 30 கிலோ பிள்ளைக்கு 10 முதல் 15 கிலோ. சக்கர நாற்காலிக்கு மேலே ஒரு சட்டம், அதில் கப்பி, அதன் வழியே கயிறு. நடப்பதற்குச் சக்கரம் வைத்த நடைச்சட்டம். இரவில் எடையைக் குறைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, உடல் மேலே நழுவாமல் பார்த்துக்கொள்வார்கள். மூன்று முதல் எட்டு வாரம் வரை இப்படி ஓடும். தேவைப்பட்டால் இன்னும் நீளும்.

தலையைப் பிடித்து இழுத்தால் நடுமுதுகின் வளைவு ஏன் குறைய வேண்டும்? யேல் பல்கலைக்கழகத்தின் ஆகஸ்டஸ் வைட்டும் மனோகர் பஞ்சாபியும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வளைவு சிறியதாக இருக்கும்போது பக்கவாட்டிலிருந்து தள்ளுவதே பலன் தரும். பிரேஸ் செய்வது அதைத்தான். வளைவு பெரிதாகப் பெரிதாக அதன் உச்சி, இழுவைக் கோட்டிலிருந்து விலகிப் போகிறது. விலக விலக நெம்புகோலின் கை நீளுகிறது, இழுவையின் திருப்புவிசை கூடுகிறது. சுமார் 53 பாகைக்கு மேல் தள்ளுவதைவிட இழுப்பதே வலிது. எனவே மிக மோசமான வளைவுதான் இழுவைக்கு நன்றாக இணங்குகிறது, முதல் இரண்டு மூன்று வாரங்களில்தான் மாற்றமும் அதிகம். தசைநார்கள் நீடித்த மெல்லிய இழுப்புக்குத் தளர்ந்து கொடுக்கும், சுண்டி இழுத்தால் விறைத்துக்கொள்ளும். பொதுவாக வளைவில் மூன்றிலொரு பங்கு வரை இழுவையிலேயே குறைகிறது. மார்புக்கூடு விரிந்து மூச்சு சீராகிறது. பசி எடுக்கிறது. உடம்பில் சதை பிடிக்கிறது.

எனக்கு இந்தச் சிகிச்சையில் மிகப் பெரிதாகத் தோன்றுவது எடையும் கப்பியும் அல்ல; நோயாளி விழித்திருக்கிறார் என்பது. தினமும் மருத்துவரும் தாதியும் வந்து சோதிக்கிறார்கள். இரு கண்களையும் ஓரத்துக்கு உருட்டச் சொல்வார்கள். கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாவது மண்டை நரம்பு இழுவைக்கு எளிதில் சோரும், அப்போது பொருட்கள் இரட்டையாகத் தெரியும். நாக்கை நீட்டச் சொல்வார்கள். கைப்பிடி, கால்விரல் அசைவு, மரப்பு, சிறுநீர் போவதில் மாற்றம் என்று எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். ஏதாவது கோளாறு தென்பட்டால் உடனே எடையைக் குறைக்கலாம், அநேகமாக நரம்பு மீண்டுவிடும். மயக்கத்தில் கிடப்பவர் இதையெல்லாம் சொல்ல முடியாது. இதே ஸ்டாக்னாராவும் சகாக்களும்தான் 1973இல், முதுகு அறுவையின் நடுவே நோயாளியைச் சற்று எழுப்பி, காலை அசைக்கச் சொல்லித் தண்டுவடம் நலமா என்று பார்க்கும் சோதனையையும் வெளியிட்டார்கள். நரம்பைப் பற்றிக் கேட்க வேண்டியது அந்த நரம்புக்குரியவரிடம் என்ற ஒரே தெளிவுதான் இரண்டிலும் இருக்கிறது. இன்று அறுவைக் கூடத்தில் மின் சமிக்ஞைகளைக் கொண்டு தண்டுவடத்தைக் கண்காணிக்கிறார்கள். ஆனால் இழுவை வார்டில் பிள்ளையின் வாய்ச்சொல்லுக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.

எல்லா வளைவுக்கும் இது பொருந்தாது. கழுத்தெலும்பு நிலையற்றவர்களுக்கும், தண்டுவடத்தில் கட்டி உள்ளவர்களுக்கும் எடை கட்டக் கூடாது. அதனால்தான் முதலில் எம்ஆர்ஐ. முதுகெலும்புக் காசநோய் சில எலும்புகளைத் தின்று, முதுகைக் கூர்மையாக மடித்துவிடும் கூனும் வேறு கதை. இறுகிப்போன அந்த மடிப்பு இழுவைக்கு இளகாது. அதன் மேலும் கீழும் உள்ள பகுதிகள்தான் நீளும்; மடிப்பின் முனையில் தண்டுவடம் நசுங்கலாம். அந்தக் கூனை வருமுன் அறிவதில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன், காசநோய் தாக்கிய பிள்ளைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலிருந்து, யாருக்குக் கூன் பின்னால் பெருகும் என்று காட்டும் எக்ஸ்ரே அடையாளங்களை 2001இல் வகுத்துக் கொடுத்தார்.

இழுவையால் கடைசித் திருத்தம் உண்மையில் கூடுகிறதா என்பதில் மருத்துவர்களிடையே வாதம் உண்டு. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஒப்பீட்டில், இழுவை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இறுதிக் கோணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இழுவை பெறாதவர்களில் கூடுதலானோருக்கு முள்ளெலும்பையே முழுதாக வெட்டியெடுக்கும் கடினமான அறுவை தேவைப்பட்டது. இழுவையின் உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது: அதே இடத்துக்கு ஆபத்துக் குறைந்த வழியில் கொண்டுசேர்க்கிறது. கானாவின் அக்ரா நகரருகே ஒஹெனெபா போவாச்சி-அஜெய் நிறுவிய மருத்துவமனையில், 100 பாகையை வெகுவாகத் தாண்டிய பிள்ளைகள் மாதக்கணக்கில் இழுவையில் இருந்த பிறகே அறுவைக்குப் போகிறார்கள். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவைப்படாத இந்த முறைக்கு, பொறுமையான தாதியரும் படுக்கையும் வாரக்கணக்கான நேரமும் தேவை. மருத்துவமனைக் கணக்கில் இந்த மூன்றும்தான் முதலில் வெட்டுப்படுகின்றன என்பதே என் கவலை.

இவ்வளவு தூரம் போகாமலே தடுக்கக்கூடிய வளைவுகள் நிறைய உண்டு. பத்து வயதைத் தொட்ட பிள்ளையை, சட்டையைக் கழற்றி, கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாகத் தெரிந்தாலோ, நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்தோ இடுப்பு ஒரு பக்கம் குழிந்தோ இருந்தாலோ, பள்ளிப்பை கனத்தால் வந்தது என்று விட்டுவிடாமல் அருகிலுள்ள அரசு கிளினிக்குக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். வளர்ச்சி முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். பெண் பிள்ளைகளைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள், பெரிய வளைவுகள் அவர்களிடம்தான் அதிகம்.