வண்ண மீன் தொட்டிக்கு வெளி வடிகட்டி

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்கு வருவாய் தருகிறது. இத்தொழிலில் புதிதாக இறங்கும் சிறு விவசாயிகள், நீர் தெளிவாக இருந்தும் தாய் மீன்கள் இறப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. மீன்களின் கழிவிலிருந்தும் மீந்த தீனியிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா என்னும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிர்களே அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன.

மூடி போட்ட வாளி போன்ற வெளி வடிகட்டியைத் தொட்டியின் நீர்மட்டத்திற்குக் கீழே வைத்தல் வேண்டும். நீர் முதலில் முரட்டு ஸ்பாஞ்சு, அடுத்து பீங்கான் வளையங்கள், இறுதியில் மெல்லிய பஞ்சு வழியே செல்லுமாறு அடுக்க வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 800 லிட்டர் இறைக்கும் பம்பு போதுமானது. வடிகட்டியில் நீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். குஞ்சுகள் இருப்பின் உறிஞ்சு குழாயின் வாயில் ஸ்பாஞ்சு மாட்டுவது நல்லது.

நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை சில மீன்களை மட்டும் விட்டு, தீனியையும் அளவாக இட வேண்டும்.

மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சைத் தொட்டி நீரிலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீர் நுண்ணுயிர்களை அழித்துவிடும். ஸ்பாஞ்சையும் வளையங்களையும் ஒரே நாளில் கழுவுதல் கூடாது.

இரவிலும் வடிகட்டியை நிறுத்தக் கூடாது. மின்தடை பல மணி நேரம் நீடித்தால் உள்ளிருக்கும் நீர் காற்றின்றிக் கெட்டுவிடும். அதைக் கொட்டிவிட்டு, தொட்டி நீரை நிரப்பிய பின்னரே மீண்டும் இயக்க வேண்டும். இல்லையேல் கெட்ட நீர் தொட்டியில் பாய்ந்து மீன்களைக் கொல்லும்.