சித்திரையில் மண், ஆடியில் விதை!

கீழ்க்கட்டளையில் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் சகோதரிகளே! கொல்லையில் கொஞ்சம் இடம் இருக்கிறதா? இளவேனில் வந்துவிட்டதென்று இப்போதே விதையைத் தூவிவிடாதீர்கள். மேல்நாட்டு வசந்தம் வேறு. நம் ஊர் அக்கினி நட்சத்திரம் வேறு!

சித்திரையில் மண்ணைக் கொத்திப் புரட்டி வெயிலில் காயவிடுங்கள். களையும் கூட்டுப்புழுவும் மடியும். ஆனியில் மக்கிய எருவும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து வையுங்கள்.

இருக்கிற கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அடியில் சருகைப் பரப்பி, மாலையில் தண்ணீர் விடுங்கள். அரிசி களைந்த நீரைக்கூட வீணாக்க வேண்டாம். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டுபோனதை மறக்கலாமா?

ஆடி பிறந்ததும் வெண்டை, புடல், அவரை ஊன்றுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்பே கொடி பந்தலேறிவிடும். பொங்கலன்று உங்கள் வீட்டு அவரைக்காய் குழம்பில் மணக்கும்போது, பொறுத்திருந்தது நல்லதே என்பீர்கள்!