ஓருடலில் இருவகைக் கிருமி

இரணைமடு நீர் பாயும் வயலில் ஒரே நெல்லினத்தை விதைத்த உழவன், கதிர் ஈனுங் காலத்தில் வேற்றினக் கதிரும் தலைநீட்டக் கண்டு வருந்துவதுண்டு. ஒரு பயிர் நிற்பதனால் மற்றொன்று முளையாதென்று அவன் எண்ணுவதில்லை. மனித உடலிற் புகும் எச்.ஐ.வி. என்னும் வைரசின் இயல்பும் அத்தகையதே. “ஒருமுறை தொற்றியபின் அஞ்சுதற்கு என்ன உண்டு?” என்னுங் கருத்துப் பிழையானதாகும்.

இவ்வைரசு எச்.ஐ.வி. 1, எச்.ஐ.வி. 2 என இருதிறப்படும். உலகெங்கும் பரவியது முன்னதே. தன் பரம்பரையலகுகளைப் படியெடுக்கையில் அது அடிக்கடி பிழைவிடுவதால் ஏ, பி, சி முதலிய உபவகைகளாகக் கிளைத்துள்ளது. இந்தியாவில் மிகுந்திருப்பது சி வகை. பின்னது மேற்காபிரிக்காவில் மிகுதியாகக் காணப்படுவது.

1986ஆம் ஆண்டிற் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன், அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வினால் இந்தியாவில் இத்தொற்று உண்டென்பது முதன்முதல் வெளிப்பட்டது. பின்னர் எச்.ஐ.வி. 2 உம் அந்நாட்டில் அறியப்பட்டது. தமிழ்நாட்டில் இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியிருத்தலும் காணப்பட்டது.

இருவகைக் கிருமிகள் ஓருடலைச் சேரும் வழிகள் இரண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்திற் புகுதல் உடன்தொற்று. முதற்றொற்று நிலைபெற்றபின் வேறொன்று புகுதல் மேற்றொற்று. ஏஈ வகையை உடைய ஒருவர் பின்னர் பி வகையையும் பெற்றமை 2002ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. முதற்கிருமிக்கு எதிராக உடல் ஆக்கிய நிர்ப்பீடனம் அடுத்ததைத் தடுக்கப் போதாதென்பது அதனாற் புலனாயிற்று. எச்.ஐ.வி. 1 இன் இருவகைகள் ஒரே கலத்துட் புகின், அவற்றின் பரம்பரையலகுகள் கலந்து புதுவகை தோன்றுதலும் உண்டு.

இதனால் விளையுந் தீங்கு சிகிச்சையிலே தெளிவாகும். நெவிரப்பின், எபாவிரென்சு என்னும் மருந்துகள் எச்.ஐ.வி. 2 ஐ அடக்கா. எச்.ஐ.வி. 1 இன் அளவை மட்டும் காட்டும் பரிசோதனை, மற்றதன் பெருக்கத்தைக் காட்டாது. ஆகவே குருதியில் உள்ளது எவ்வகையென அறிதல் இன்றியமையாதது. இக்காலத்து டொலுடெகிராவிர் இரண்டிற்கும் பயன்படுவது ஆறுதல் தருவதாம். மருந்தை எதிர்க்கவல்ல கிருமி மேற்றொற்றாகப் புகின், முன்னர் நற்பயன் தந்த மருந்தும் பயனற்றுப்போகலாம்.

எனவே கணவன் மனைவி இருவருக்குந் தொற்று இருப்பினும், சிகிச்சையால் வைரசு அடங்கும்வரை பாதுகாப்பு வேண்டும். இலங்கையில் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிற் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒழுங்காக மருந்துண்டு, குருதியில் வைரசு அளவிட முடியாத நிலையை எய்தினோர் பாலுறவினாற் பிறர்க்கு அதனைக் கடத்துவதில்லை. உடன் உண்ணலாலும் தொடுதலாலும் இது பரவாது. நாணத்தாலும் ஊரார் பழிக்கு அஞ்சியும் நோயை மறைத்தலே மருந்து சென்றடையாவண்ணம் தடுப்பது. அவ்வச்சத்தை நீக்குதல் கற்றோர் கடனாகும்.